70 வயது அப்பாவை ஃபியூஷன் உணவகத்துக்கு அழைத்துச் செல்லலாமா?

மந்தைவெளிவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் மாதம் என் அப்பாவுக்கு 70 வயது நிறைகிறது. பீமரத சாந்தியைக் கும்பகோணத்தில் உறவினர்கள் சூழ நடத்துகிறோம். அங்கே வேளைக்கு வேளை இலைச் சாப்பாடுதான். சென்னை திரும்பிய பின் அப்பா, அம்மா, மனைவி, நான் என நான்கு பேர் மட்டும் ஒரு மாலை வெளியே போய் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. எங்கே போவது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி.

நவீன இந்திய உணவு என்றும், வேறு வேறு ஊர்ச் சமையலைக் கலப்பதால் ஃபியூஷன் என்றும் சொல்கிறார்களே, அந்த வகையில், சமையல்காரரே தேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் டேஸ்டிங் மெனு சாப்பிடலாம் என்கிறாள் மனைவி. கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 2017 முதல் நடந்துவரும் ஆவர்த்தனாவின் பெயரை அடிக்கடி எடுக்கிறாள். தென்னிந்தியச் சமையலையே ஏழு கோர்ஸ் முதல் பதின்மூன்று கோர்ஸ் வரை சிறு சிறு தட்டுகளாக அங்கே பரிமாறுகிறார்கள். தக்காளி ரசத்தைத் தெளிவாக வடித்து, காபி வடிக்கும் அழுத்துக் குடுவையில் கொத்தமல்லியுடன் ஊறவிட்டு, மார்ட்டினி கோப்பையில் ஊற்றித் தருவதைப் பற்றிப் பலர் எழுதிப் படித்திருக்கிறேன். அதே பாணியில் நகரில் வேறு சில உணவகங்களும் இருப்பதால், எதற்குப் போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அப்பா கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் பல்குச்சியில் குத்திய பன்னீர்த் துண்டை நீட்டியபோது, “இது சாம்பிளா?” என்று பரிமாறியவரிடமே உண்மையான சந்தேகத்துடன் கேட்டவர். அப்பா, அம்மா இருவரும் முட்டைகூடத் தொடாத சைவர்கள். அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரவு மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் தட்டின் முன் உட்கார்ந்துவிடுவார். ஆளுக்குப் பல ஆயிரம் செலவழித்து, அவர் வீடு திரும்பி அடுக்களையில் மோர்சாதம் தேடும்படி ஆகிவிடுமோ என்பதே என் பயம்.

வயதான பெற்றோருடன் இப்படிப்பட்ட இடத்துக்குப் போய் வந்தவர்கள், முன்பதிவின்போது என்னென்ன கேட்க வேண்டும், எதைப் பார்த்து உணவகத்தைத் தேர்வது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கரண்டிக்காரன் எழுதுகிறார்:

நண்பருக்கு வணக்கம். தில்லியிலும் சென்னையிலுமாகப் பதினான்கு ஆண்டுகள் ஓட்டல் சமையலறைகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், ஆனால் சமையலறைக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் போகாதீர்கள். டேஸ்டிங் மெனு நடத்தும் சமையலறையில் பெரும்பாலான வேலை முந்தைய நாளே முடிந்துவிடும். மேசையில் உட்கார்ந்த பிறகு “இதில் முட்டை இருக்கிறதா?” என்று கேட்டால், அந்தத் தட்டை நீக்கிவிட்டு அவசரத்தில் ஒரு சாலடைத் தருவார்களே தவிர, அதற்கு ஈடான ஒன்றைச் செய்து தர நேரம் இருக்காது. இரண்டு நாள் முன்பே சொன்னால் அதே சமையல்காரர் உங்களுக்காகத் தனியே யோசிப்பார். சொல்லப்போனால் எங்களில் பலருக்கு அது பிடித்த வேலை.

சைவம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஜெலட்டின் சேர்க்கிறீர்களா என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். பன்னகோட்டா, மூஸ் போன்ற இனிப்புகளை உறைய வைக்கப் பயன்படும் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அதற்கு மாற்றாக நம் கடைகளில் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் விற்கும் அகர் அகர் இருக்கிறது. இருந்தும் சமையல்காரர்கள் ஜெலட்டினை விட மனமில்லாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு: ஜெலட்டின் நாக்கின் சூட்டிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போகும், அகர் அகர் வாய்ச் சூட்டுக்கு மசியாது, பல்லில் நறுக்கென்று உடையும். மரபான முறையில் செய்யப்படும் இத்தாலியப் பார்மிஜானோ சீஸிலும், பாலைத் திரியவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்கிறது என்பதால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். பச்சைப் புள்ளி போட்ட இந்தியச் சீஸில் இந்தச் சிக்கல் இல்லை.

அப்பாவின் மாத்திரையைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நான் சொல்லக்கூடியது சமையலறையின் நேரக் கணக்கு மட்டும். ஒன்பது கோர்ஸ் என்றால் இரண்டரை மணி நேரம் ஆகும். முதலில் வருபவை ஒரு வாய்க்கு ஒன்றாகவே இருக்கும். வயிற்றில் நிற்கும்படியான முதல் தட்டு, உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழித்து வருவதுண்டு. ஆகவே மாலையின் முதல் நேரத்துக்குப் பதிவு செய்து, சர்க்கரை நோயாளி ஒருவர் வருகிறார், தொடக்கத்திலேயே ரொட்டியோ ஆப்பமோ ஏதேனும் ஒன்று மேசைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இது கூச்சப்படும் செய்தியே அன்று. தினமும் இப்படி ஒரு குறிப்பாவது எங்கள் பலகையில் ஒட்டியிருக்கும்.

உணவகத்தைத் தேர்வதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். முதல் வாயிலேயே, இது எந்தப் பண்டத்தின் பிள்ளை என்று சாப்பிடுபவருக்குப் பிடிபட வேண்டும். தில்லியில் 2009-இல் தொடங்கிய இந்தியன் ஆக்சென்டில் சமையல்காரர் மனிஷ் மெஹ்ரோத்ராவின் ப்ளூ சீஸ் நான் ரொட்டி அப்படிப் பெயர் பெற்றது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன நான். உள்ளே இருப்பதோ நம் ஆட்கள் பலர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நீலப் பூசணச் சீஸ். ஆனால் சூட்டில் உருகி மாவோடு கலந்ததும், வெண்ணெய் தடவிய நானில் உப்பும் புளிப்பும் கொஞ்சம் தூக்கலாக இருப்பதுபோல் மட்டுமே தெரியும். நான் ரொட்டி என்னவென்று அறிந்தவருக்கு அது அந்நியமாக இருக்காது.

இலைபோட்டவர் எழுதுகிறார்:

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் என் கருத்து வேறு. கேள்வி கேட்டவரின் தந்தை “இது சாம்பிளா?” என்று கேட்டாரே, அது நகைச்சுவைக்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நம் சாப்பாட்டில் சமையல் அடுப்பில் முடிவதில்லை, இலையில்தான் முடிகிறது. சாம்பாரை எவ்வளவு ஊற்றிக்கொள்வது, எந்தக் கவளத்துக்கு அப்பளத்தை நொறுக்குவது, ரசத்தில் கொஞ்சம் பருப்பைக் கரைத்துக்கொள்வதா வேண்டாமா, தயிர்சாதத்துக்கு நார்த்தங்காயா மாவடுவா என்பதையெல்லாம் முடிவு செய்வது சாப்பிடுகிறவரின் வலது கை. ஒரே பந்தியில் ஒரே சாப்பாட்டைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சாப்பிட்டு எழுகிறார்கள். டேஸ்டிங் மெனுவில் அந்தக் கைக்கு வேலையே இல்லை. சமையல்காரர் எடுத்த முடிவை முள்கரண்டியால் ஒப்புக்கொள்வது மட்டுமே நமக்கு மிஞ்சுகிறது. எழுபது ஆண்டுகள் தன் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்ட ஒருவருக்கு அளவு சிறியதாக இருப்பதைவிட இதுதான் பெரிய குறையாகப் படும் என்று நினைக்கிறேன். அவரால் அதைச் சொல்லில் வைக்க முடியாததால் “சாம்பிளா” என்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் என் தாயாரை அப்படி ஓர் இடத்துக்கு அழைத்துச் சென்றேன். உணவகத்தின் பெயர் வேண்டாம். எட்டாவதாகத் தயிர்சாதம் என்று அறிவித்து, உலர்பனிப் புகைக்கு நடுவில், சோதனைக்குழாய் ஒன்றில் வெள்ளையாக எதையோ கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் மேல் வறுத்த கடுகு சரியாக மூன்று. அம்மா குழாயைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்து, ஊறுகாய் இருக்குமா என்று கேட்டார். இதன் சமநிலை கெட்டுவிடும் என்று பரிமாறியவர் பணிவாகச் சொன்னார். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் கேட்டவருக்கு அப்படி ஒரு பதில் கிடைத்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே அந்தப் பணத்தில் நல்ல மெஸ் ஒன்றில் நான்கு இலை போடச் சொல்லி, மீதியில் அப்பாவுக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்துக் கொடுங்கள் என்பேன்.

சிராங்கூன்வாசி எழுதுகிறார்:

இலைபோட்டவர் ஐயா சொன்ன அந்தப் ‘பிசையும் கை’ எனக்கும் நெஞ்சில் தைத்தது. ஆனால் ஃபியூஷன் என்பதையே நமக்கு வெளியிலிருந்து வந்த ஒன்றாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மிளகுத் தண்ணீரைச் சூப் என்று தங்கள் மேசைக்கு எடுத்துப்போய், அதில் இறைச்சியையும் சேர்த்து, பெயரையும் முல்லிகாட்டானி என்று சிதைத்து வெள்ளைக்காரர்கள் குடித்தார்களே, அது பிறந்தது மதராசில்தான். மார்ட்டினி கோப்பையில் வரும் ரசத்துக்கு அது பாட்டி முறை. அந்த ரசத்தில் இருக்கும் தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது, மிளகாயும் அப்படியே. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் போட்ட அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடைகளை யாரும் ஃபியூஷன் என்று அழைத்ததில்லை. வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

சிங்கப்பூரில் நாங்கள் எங்கள் ஊர் உணவாகவே நினைக்கும் மீன் தலைக் கறியும் இப்படி வந்ததுதான். சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைக் கவனித்த கேரளத்துச் சமையல்காரர் ஒருவர் 1940களின் இறுதியில் அதைப் புளிக்குழம்பில் போட்டார். இன்று குட்டி இந்தியாவில் அதை வாழை இலையில் பரிமாறுகிறார்கள். பினாங்கில் பிறந்த தமிழரான மனோ தேவர் இங்கே நடத்தும் தேவர் என்ற உணவகம் 2022-இல், உணவகங்களுக்கு உலக அளவில் தரும் மிஷலின் நட்சத்திரம் இரண்டைப் பெற்றது. மனைவியின் பெற்றோரை நான் அங்கே அழைத்துச் சென்றபோது மாமா முதல் அரை மணி நேரம் பேசவே இல்லை. கறிவேப்பிலையும் மிளகும் சேர்த்து வறுத்த வாசம் ஏதோ ஒரு தட்டிலிருந்து எழுந்ததும், “இது எங்கம்மா வைக்கிற மாதிரி” என்றார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

நடைமுறையில் ஒரு சொல். இப்படிப்பட்ட இடங்களில் விளக்கு மங்கலாக இருக்கும், மெனு அட்டையில் எழுத்துப் பொடியாக இருக்கும், ஒவ்வொரு தட்டுக்கும் ஆங்கிலத்தில் வேகமாக விளக்கம் சொல்வார்கள். சென்னையில் தமிழ் பேசும் பரிமாறுநர் நிச்சயம் இருப்பார். அவரையே உங்கள் மேசைக்கு அனுப்பும்படி முன்பதிவின்போதே கேளுங்கள். விளக்கத்தை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், உங்கள் முகத்தைப் பார்த்து அல்ல. அன்றைய விருந்தாளி அவர்தானே.

கணக்குப்பிள்ளை எழுதுகிறார்:

பில்லைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியில் தனியே நடக்கும் உணவகங்களில் பொதுவாக ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் நட்சத்திர விடுதிக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். மெனுவில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் வரி சேர்க்காதது; நான்கு பேருக்குக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள், கடைசியில் முகம் மாற வேண்டியதில்லை.

சேவைக் கட்டணம் என்று தனியே ஒரு தொகை போட்டிருந்தால் அதை நீக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஜூலை 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் மார்ச் 2025-இல் அதை உறுதி செய்தது. பரிமாறியவரின் கவனிப்பு பிடித்திருந்தால் அவர் கையிலேயே கொடுங்கள், அது வேறு விஷயம்.

கரண்டிக்காரன் மீண்டும் எழுதுகிறார்:

இலைபோட்டவர் ஐயாவுக்குப் பதில் சொல்லாமல் போனால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. ஊறுகாய் கேட்ட அம்மாவுக்குச் சமநிலை கெடும் என்று சொன்ன சமையலறை தவறு செய்தது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டு வருவது ஐரோப்பாவிலும் ஆதியிலிருந்து வந்த வழக்கம் அன்று. பிரான்சிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பதார்த்தங்கள் எல்லாவற்றையும் மேசையில் ஒருசேரப் பரப்பி, வேண்டியதை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றாகச் சூட்டோடு கொண்டுவரும் முறை அவர்களுக்கு ரஷ்யர்களிடமிருந்து வந்தது. இன்றும் அதன் பெயரே ரஷ்ய முறைதான். அந்த மாற்றத்துக்குக் காரணம் சூடு. பரப்பி வைத்தால் பாதிப் பண்டம் ஆறிப் போகும். வடையை எண்ணெயிலிருந்து எடுத்த அரை நிமிடத்தில் ஒருவர் முன் வைக்க முடிகிறதே, அந்த ஒன்றுக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

உலர்பனிப் புகைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் நுட்பம் எல்லாமே வித்தை காட்டுவதற்காக அன்று. பாங்காக்கில் ககன் ஆனந்த் 2010-இல் தொடங்கிய உணவகத்தில் பெயர் பெற்ற தயிர் உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் சமையல்காரர் ஃபெரான் ஆட்ரியாவின் எல் புல்லி உணவகச் சமையலறையிலிருந்து பரவிய முறை அது. தயிரில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து உப்பைக் கலந்து, சோடியம் அல்ஜினேட் கரைத்த நீரில் ஒரு கரண்டியாக மெல்ல இறக்கினால், தயிரைச் சுற்றி மெல்லிய தோல் ஒன்று கட்டிக்கொள்ளும். எடுத்து நல்ல நீரில் அலசிக் கரண்டியில் வைத்தால் முட்டையின் மஞ்சள் கரு போல் தளதளவென்று நிற்கும். வாயில் போட்டதும் உடைந்து, உள்ளே இருக்கும் தயிரும் சாட் மசாலாவும் ஒரே சமயத்தில் நாக்கெல்லாம் பரவும். நாங்கள் முதல்முறை செய்து பார்த்தபோது இருபது உருண்டைகளில் பதினேழு கரண்டியிலேயே உடைந்தன. அந்த அல்ஜினேட் ஏதோ வெளிநாட்டு ரசாயனம் என்று பலரும் நினைக்கிறார்கள். பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது அது. பாம்பன், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் பாசிகளில் அதற்குரிய வகையும் உண்டு.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒன்று விட்டுப்போயிற்று. கைக்கு வேலை வேண்டும் என்று ஐயா சொன்னதை அப்படியே சமையலறைக்குச் சொல்லுங்கள். கடைசிக் காரப் பண்டமாகச் சோறு வரும் இடத்தில், அதைக் கலக்காமல், சோறு தனியாக, குழம்பு தனியாக, பொரியல் தனியாக வையுங்கள் என்று கேட்டால் மறுக்கும் சமையல்காரரை நான் பார்த்ததில்லை. அப்பா கையால் பிசைந்து சாப்பிடட்டும். ஐந்து நட்சத்திர விடுதியிலும் கை கழுவ வெந்நீர்க் கிண்ணம் கொண்டுவருவார்கள்.

இலைபோட்டவர் எழுதுகிறார்:

கடைசிப் பத்தியை ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சமையலறையில் நீங்கள் இருந்திருந்தால் அம்மாவுக்கு ஊறுகாய் கிடைத்திருக்கும். வேட்டி யோசனையை மட்டும் திரும்பப் பெறவில்லை.

மந்தைவெளிவாசி எழுதுகிறார்:

பதில் எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நேற்று மூன்று உணவகங்களுக்குத் தொலைபேசினேன். முதல் இடத்தில் ஜெலட்டின் என்றதும் “எல்லாம் வெஜ்தான் சார்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் அழைப்பை எடுத்தவர் இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்தே ஒருவரை அழைத்துவந்து பேச வைத்தார். இனிப்புகளில் ஒன்றில் ஜெலட்டின் இருப்பதாகவும், எங்கள் மேசைக்கு அதை மாற்றி இளநீரும் கடல்பாசியும் சேர்த்து ஒன்று செய்வதாகவும் அவர் சொன்னார். சோற்றையும் குழம்பையும் தனித்தனியே வைக்கக் கேட்டபோது சிரித்துவிட்டு, “எங்கப்பாவும் அப்படித்தான் சார் கேட்பார்” என்றார். மூன்றாவது இடத்தில் நான் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் மனம் இரண்டாவதில் நின்றுவிட்டது. ஏழு கோர்ஸ், மாலை ஏழு மணி, தமிழ் பேசும் பரிமாறுநர் என்று பதிவு செய்திருக்கிறேன். மாத்திரை நேரத்தை மருத்துவரிடமும் கேட்டாயிற்று.

அப்பாவுக்குத் தெரியாமல் வைத்திருக்க நினைத்தேன். தொலைபேசிப் பேச்சை அவர் கூடத்திலிருந்தே கேட்டுவிட்டார். செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “ஏழு தட்டுன்னா, மோர்சாதம் எத்தனாவது?”